வீட்டுக்கு ஒரு சிறிய பெட்ரோல் செயின் சா

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்ட பிறகு, மரம் அறுக்கும் மெஷின் என்பது கூலிக்கு வருபவர்களிடம் மட்டுமே இருக்கும் கருவி என்ற எண்ணம் எங்கள் பக்கத்தில் மெல்ல மாறியது. தோப்போ, பெரிய கொல்லையோ உள்ளவர்கள் இப்போது வீட்டுக்கென்று ஒன்று வாங்கி வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். அவர்கள் அநேகமாக எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை சி.சி. வாங்கலாம் என்பதுதான். அதற்கு விடை எளிது. பணம் வீணாவது வேறு இடங்களில்.

வீட்டில் நமக்கு இருக்கும் வேலையைக் கணக்கெடுத்தாலே பாதித் தெளிவு வந்துவிடும். முருங்கை, வேம்பு, பூவரசு ஆகியவற்றின் கிளைகளைக் கழிப்பது, விழுந்த தென்னையைத் துண்டு போடுவது, சீமைக் கருவேலத்தை விறகுக்கு நறுக்குவது என்ற அளவோடு அது பெரும்பாலும் முடிந்துவிடும். இதற்கு 30 முதல் 40 சி.சி. வரையுள்ள எஞ்சினும், சங்கிலி சுற்றி ஓடும் தட்டு 14 அல்லது 16 அங்குல நீளமும் இருந்தால் தாராளமாகப் போதும். 16 அங்குலம் என்பது ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். அதைவிடப் பருத்த கட்டை எப்போதாவது வந்தாலும், கிடக்கும் மரத்தை இரண்டு பக்கமிருந்தும் அறுத்துவிடலாம். ஸ்டில் நிறுவனத்தின் எம்.எஸ். 170 இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு: எஞ்சின் 30 சி.சி., எடை தட்டும் சங்கிலியும் சேராமல் 4 கிலோ அளவுதான். ஹஸ்க்வர்னா 120 மாடல் 38 சி.சி. கொண்டது, எடை சற்றுக் கூடுதல், ஆனாலும் 5 கிலோவுக்குள் அடங்கும்.

இவற்றின் விலையில் பாதிக்கும் குறைவாக, 58 சி.சி., 62 சி.சி. என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு, 22 அங்குலத் தட்டோடு வரும் மெஷின்களை இணையத்தில் பார்த்து மயங்குபவர்கள் பலர். அவற்றை ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். ஒன்றைப் பார்த்து ஒன்று செய்யப்பட்டவை என்பதால் ஒன்றின் உதிரிப் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்துவதும், அது சிறு நகரத்துக் கடைகளிலேயே மலிவாகக் கிடைப்பதும் உண்மையான வசதி. ஆனால் எப்போதாவது மட்டும் எடுத்துப் புழங்குபவருக்கு நீளத் தட்டு சுமைதான்: கைகள் விரைவில் சோர்ந்துபோகும், தட்டின் நுனி கண்ணுக்குத் தெரியாமல் மண்ணிலோ அடுத்த கிளையிலோ போய்ப் படும், தீட்ட வேண்டிய பற்களும் கூடும்.

என்னைக் கேட்டால், எஞ்சினைவிடச் சங்கிலியைப் பற்றித்தான் கடையில் அதிக நேரம் பேச வேண்டும். சிறிய மெஷின்களில் பெரும்பாலும் 3/8 அங்குல அளவில் உயரம் குறைந்த வகைச் சங்கிலி வரும். அதன் அடிக் கண்ணிகள் தட்டின் பள்ளத்தில் ஓடும் தடிமன் 1.1 மில்லிமீட்டராகவும் இருக்கலாம், 1.3 ஆகவும் இருக்கலாம். இந்த அளவுகளும் கண்ணிகளின் எண்ணிக்கையும் தெரியாமல் மாற்றுச் சங்கிலி வாங்கினால் அது தட்டில் உட்காராது. ஆகவே தட்டின் மேல் பொறித்திருப்பதைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வாங்கும் அன்றே இன்னொரு சங்கிலியும் 4 மில்லிமீட்டர் உருட்டு அரமும் சேர்த்து வாங்கிவிட வேண்டும், ஏனென்றால் தென்னை சங்கிலியின் கூர்மையைச் சீக்கிரம் தின்றுவிடும். அதன் நாரும், பனைக் குடும்பத்து மரங்களின் உடலிலேயே கலந்திருக்கும் சிலிக்காவும், தூரில் ஒட்டியிருக்கும் மணலும் சேர்ந்து செய்யும் வேலை அது. கூரான சங்கிலி செதிலாகத் தள்ளும். மாவு போன்ற தூள் விழத் தொடங்கினால், மெஷினை அழுத்தி அறுக்காமல் நிறுத்தி அரம் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

சங்கிலிக்குப் போடும் ஆயிலில் மிச்சம் பிடிக்க நினைத்து, வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதிலுள்ள உலோகத் துகள்கள் தட்டையும் ஆயில் பம்பையும் தேய்ப்பதோடு, ஆயில் முழுவதும் கடைசியில் தெறித்து விழுவது நம் கொல்லை மண்ணில்தான். ஆயில் சரியாக வருகிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம்: மெஷினை ஓடவிட்டு, தட்டின் நுனியை ஓர் அட்டைக்கு எதிரே, அதில் படாமல் பிடித்தால் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும்.

எரிபொருள் விஷயத்தில் நம் நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இவை டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள் என்பதால் பெட்ரோலில் ஆயில் கலந்தாக வேண்டும். கையேடு 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. ஆனால் இப்போது பங்கில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பல மெஷின்களின் கையேடுகளோ 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும், ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டரின் மெல்லிய சவ்வையும் கெடுக்கும். மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் மெஷினுக்கு இது பெரிய கேடு. எத்தனை சதவீதம் வரை தாங்கும் என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்வதும், அன்றைய வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் கலப்பதும், வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வைப்பதும்தான் வழி.

செயின் பிரேக் இல்லாத மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. தட்டு நுனியின் மேற்பாதி கட்டையில் இடித்தால், கண் இமைப்பதற்குள் மெஷின் ஆளை நோக்கி மேலே எகிறும். அந்த நொடியில் சங்கிலியை நிறுத்துவது அந்த பிரேக்தான். எஞ்சின் ஓடும்போது, முன் கைப்பிடிக்கு எதிரே இருக்கும் காப்பை முன்னால் தள்ளினால் சங்கிலி உடனே நிற்கிறதா, விசையை விட்டதும் சங்கிலி சுழலாமல் எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடுகிறதா என்ற இரண்டையும் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். தலைக்கவசம், காது மூடி, கண்ணாடி, கால் காப்பு, பூட்ஸ் ஆகியவற்றையும் மெஷினின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு மரம் அறுப்பவர்களைத் தினமும் பார்க்கிறோம் என்பதால் அது சரியாகிவிடாது.

எந்தக் கம்பெனி என்று முடிவு செய்யும் முன், உங்கள் ஊரிலிருந்து ஒரு பேருந்து தூரத்துக்குள் அதைப் பழுது பார்ப்பவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவர் கைபட்டுப் பழகிய மாடலே உங்களுக்கு ஏற்றது. வீட்டைச் சுற்றி நாலைந்து மரங்கள் மட்டும் உள்ளவர், ஒயர் எட்டும் தூரத்திலேயே வேலை என்றால், பெட்ரோல் மெஷினை விட்டுவிட்டு மின்சாரத்தில் ஓடுவதையே வாங்கலாம்.