காஞ்சோண்டிப் பூங்கா

கிழக்கு லண்டனின் மேனர் பார்க்கிற்கு நான் வந்து சேர்ந்தது 2006 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில். சேர்ச் வீதி முருகன் கோயிலிலிருந்து சில நிமிட நடைத் தூரத்தில், ஒரு வீட்டின் மேல்மாடியில், வேறு மூன்று பேருடன் பகிர்ந்துகொண்ட அறை கிடைத்தது. கோயிலடியில் இருப்பிடம் அமைந்தது பாக்கியம் என்று அம்மா தொலைபேசியில் பல தடவை சொன்னார். அறை, கோயில், இரவு வேலை செய்த பெற்றோல் நிலையம், ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் முருங்கைக்காயும் யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளும் விற்கும் கடைகள் ஆகிய நான்கு புள்ளிகளுக்கு இடையே என் நாள்கள் ஓடின. மற்றவையெல்லாம் பேருந்தின் கண்ணாடிக்கு வெளியே கடந்துபோகும் செங்கற் சுவர்கள்தாம். வழக்கு முடிந்து விசா கையில் கிடைக்கும்வரை தங்கியிருக்கும் இடம் என்பதற்கு மேலாக அந்தப் பகுதியைப் பற்றி நான் எதையும் எண்ணியதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள், அதிகாலை மூன்று மணியளவில், பெற்றோல் நிலையத்து வானொலியில் ஒரு பழைய பாடல் ஒலித்தது. கித்தாரும் ஓர்கனும் சேர்ந்த, குழந்தைப் பாட்டுப் போன்ற எளிய மெட்டு அது. இடையில் மேளம் மட்டும் தனித்து எழும் ஓரிடத்தில், அந்த மேளத்தின் ஓசை தலைக்கு மேலே தாழப் பறந்து சுழன்று போகும் விமானத்தின் இரைச்சலாக மாறியது. நான் என்னையறியாமல் கல்லாவுக்குப் பின்னால் குனிந்துவிட்டேன். 1990 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் மீண்டும் போர் மூண்டபோது எனக்குப் பத்து வயது. வடமராட்சியில் எங்கள் வளவில் அப்பா வெட்டிய பங்கரில், பொம்மரின் சத்தம் நெருங்கி வருகிறதா விலகிப் போகிறதா என்று காதால் அளந்து வளர்ந்தவர்கள் நாங்கள். நிமிர்ந்து பார்த்தபோது கடையில் யாரும் இல்லை. பாடகர் எல்லாமே மிகவும் அழகாக இருக்கிறது என்று திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார். பாடலின் பெயரை அறிவிப்பாளர் சொன்னபோது எனக்கு விளங்கவில்லை.

பெயர் விளங்கியது அடுத்த கோடையில். வீட்டின் பின்புறத் தோட்டத்தில் இடுப்பளவுக்குப் பற்றை வளர்ந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் துப்புரவாக்க இறங்கிய நான், பல்விளிம்பு இலை கொண்ட ஒரு செடியை வெறுங்கையால் பிடித்து இழுத்தேன். மறுகணமே விரல்களிலிருந்து முழங்கை வரை தீப்பற்றியதுபோல் எரிந்தது. ஊரில் காஞ்சோண்டியை எட்டத்தில் கண்டாலே விலகிப்போகத் தெரிந்திருந்த எனக்கு, அதே வேலையைச் செய்யும் வேறொரு செடி ஆங்கில மண்ணிலும் இருக்கும் என்பது தெரிந்திருக்கவில்லை. வேலிக்கு அப்பாலிருந்து இதைக் கண்ட பக்கத்து வீட்டு அம்மையார், தன் தோட்டத்து ஓரத்தில் வளர்ந்திருந்த டொக் என்னும் அகன்ற இலைகளைப் பறித்துக் கசக்கி, சாறு வரும்வரை தேய்க்கும்படி கொடுத்தார். எரிவு சற்றுத் தணிந்த பிறகு, “இனி நீயும் இச்சிக்கூ பார்க்கைச் சேர்ந்தவன்தான்” என்றார். ‘இச்சி’ என்றால் அரிப்பு, தினவு. கடையில் கேட்ட பெயர் அதுதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் அந்தத் தெருவிலேயே பிறந்தவர். பாடல் வெளிவந்தபோது அவருக்குப் பதினேழு வயது. என்னைவிட முப்பது வயது மூத்தவரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு நா எழவில்லை. அவரோ வேறு எப்படி அழைத்தாலும் தன்னைக் கிழவியாக்குவதாகச் சொல்லி மறுத்தார். பெயர் சொல்லப் பழக எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. அந்த ஒரு வருடத்தில் வேலியோரம் நின்று அவர் சொன்ன கதைகளிலிருந்துதான் நான் குடியிருந்த இடம் எனக்குத் தெரியவந்தது.

பாடலை எழுதியவர்கள் ஸ்மோல் ஃபேசஸ் என்னும் ஆங்கில ராக் இசைக்குழுவின் ஸ்டீவ் மரியட்டும் ரொனி லேனும். மரியட் 1947 ஆம் ஆண்டு ஈஸ்ட் ஹாமில் பிறந்து மேனர் பார்க்கில் வளர்ந்தவர். லேன் பக்கத்துப் பகுதியான பிளாஸ்டோவில் பிறந்தவர். நான் மிளகாய்த்தூள் வாங்கிய அதே ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் அக்காலத்தில் ஜே60 என்றொரு இசைக்கருவிக் கடை இருந்தது. மரியட் அங்கே வேலை செய்தார். 1965 இல் லேன் ஒரு பேஸ் கித்தார் வாங்க அந்தக் கடைக்கு வந்தபோதுதான் இருவருக்கும் நட்பு ஏற்பட்டது. அதே தெருவிலிருந்த ரஸ்கின் ஆர்ம்ஸ் மதுக்கடையின் முன்னால் மரியட்டின் தந்தை, ஜெலி போல் உறையவைத்த விலாங்கு மீன் விற்கும் சிறு கடையொன்றை நடத்தினார். அந்தக் கடையில் வாங்கித் தின்றிருப்பதாக அம்மையார் சொன்னபோது, உலகெங்கும் கேட்கப்பட்ட ஒரு பாடலைச் செய்தவர் வெறும் பெயராக இல்லாமல் நம் தெருக்காரராகிவிட்டார். அதுவரை நாங்கள் வந்து நிரப்பிய தெரு என்றே அதை நினைத்திருந்தேன். எங்கள் ஊர்ச் சந்தியில் யாருடைய தகப்பன் எந்த இடத்தில் கடலை விற்றார் என்பது அம்மம்மாவுக்குத் தெரிந்திருந்ததைப் போல, இந்தத் தெருவையும் ஊராகக் கொண்டவர்கள் இருந்தார்கள் என்பது என் புத்திக்கு எட்டியிருக்கவில்லை.

1967 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இமீடியட் என்னும் இசைத்தட்டு நிறுவனம் இப்பாடலை வெளியிட்டது. இந்தியச் சிதாரும், பின்னோக்கி ஓடும் ஒலிநாடாவும், போதைவழிக் கனவுகளும் ஆங்கிலப் பாடல்களுக்குள் புகுந்திருந்த சைகடெலிக் காலம் அது. பிரித்தானியத் தரவரிசையில் மூன்றாம் இடத்துக்கும், அமெரிக்காவில் பதினாறாம் இடத்துக்கும் பாடல் ஏறியது. 1975 இன் இறுதியில் மறுவெளியீடாக வந்தபோது மீண்டும் முதல் பத்துக்குள் நுழைந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் பூங்காவுக்குப் போய், வாத்துகளுக்கு பன் ஊட்டி, அழகைக் கண்டு கண்ணீர் விடுவதைத்தான் பாடல் சொல்கிறது. அங்கே என்ன செய்தாய் என்ற கேள்விக்கு, போதையில் கிறங்கிப்போனேன் என்று பொருள்படும் மறுமொழி வருகிறது. அந்த ஒரு சொல்லுக்காக பிபிசி பாடலுக்குத் தடை விதித்தது. நிறுவனத்தின் பங்காளிகளில் ஒருவரான டோனி கால்டர், இச்சிக்கூ பார்க் என்பது இந்தப் பையன்கள் சிறுவயதில் விளையாடிய கிழக்கு லண்டன் தரிசு நிலம் என்று ஒரு கதையைக் கட்டி அனுப்ப, அன்று மதியத்துக்குள் தடை நீங்கியது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார்.

தடையை நீக்கக் கட்டிய கதைதான் என்றாலும், அது பொய்யென்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. போதைச் சொல் பாட்டில் இருக்கத்தான் செய்கிறது, அரிப்பும் இருக்கிறது. எந்தப் பூங்கா என்பதில்தான் இப்பகுதியினருக்குள் வழக்கு. சிலர் இல்ஃபோர்டின் வலன்டைன்ஸ் பூங்கா என்பார்கள், சிலர் வான்ஸ்டெட் வெளி என்பார்கள். எங்கள் அம்மையார் சேர்ச் வீதிப் பக்கமுள்ள லிட்டில் இல்ஃபோர்ட் பூங்காவைத் தவிர வேறெதையும் ஏற்கமாட்டார்; அவருடைய தம்பியின் முழங்கால் அங்கேதான் கொப்பளித்ததாம். பாடலில் வரும் பெருமூச்சுப் பாலமும் கனவு காணும் கோபுரங்களும் மேனர் பார்க்கைச் சேர்ந்தவையல்ல. அவை ஒக்ஸ்ஃபோர்டுக்கு உரியவை. ஒக்ஸ்ஃபோர்டைப் பற்றிய ஒரு கையேட்டில் ரொனி லேன் படித்த சொற்கள் பாடலுக்குள் வந்துவிட்டன. படிப்புக்கும் செல்வத்துக்கும் பேர்போன அந்த நகரத்தின் கோபுரங்களின் கீழே நடந்து, தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் தங்கள் காஞ்சோண்டிப் பற்றைக்கு வந்து சேர்ந்து அதை அழகு என்று பாடியதை நான் மிகவும் மதிக்கிறேன். எங்கள் ஊரில் பனங்கூடலுக்கும் உப்புக்கழிமுகத்துக்கும் அப்படி ஒரு பாட்டு இருந்திருந்தால் மனப்பாடம் செய்து கொண்டுவந்திருப்பேன்.

என்னைக் குனியவைத்த அந்த ஓசையைப் பற்றியும் பின்னர் தேடிப் படித்தேன். பார்ன்ஸ் பகுதியிலிருந்த ஒலிம்பிக் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜோர்ஜ் ச்கியான்ட்ஸ் என்ற இளம் பொறியாளர் செய்த வித்தை அது. ஒரே ஒலிப்பதிவை இரண்டு நாடாக் கருவிகளில் ஒன்றாக ஓடவிட்டு, ஒன்றின் வேகத்தை மிகச் சிறிதளவு மாற்றினால், ஒன்று மற்றொன்றுக்கு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு பிந்துகிறது. இரண்டும் சேரும்போது சில சுரநிலைகள் ஒன்றையொன்று அழிக்கின்றன. தாமதம் மாற மாற அழியும் இடமும் மேலும் கீழும் நகர்வதால், முழு ஓசையும் சுழல்வதுபோல் கேட்கிறது. உண்மையான விமானத்தின் இரைச்சல் வானிலிருந்து நேராகவும் நிலத்தில் பட்டுத் தெறித்துச் சற்றுப் பிந்தியும் நம் காதை அடையும்போதும் இதே விளைவுதான் உண்டாகிறது. என் உடல் தவறாக அஞ்சவில்லை என்பதை அறிந்தபோது, சொல்லத் தெரியாத ஓர் ஆறுதல் ஏற்பட்டது.

2015 இல் அம்மையார் வீட்டை விற்றுவிட்டு, இப்பகுதியின் பழைய குடிகள் பலரைப் போலவே எசெக்ஸ் கடற்கரைக்குப் போனார். போகும் முன் அந்த 45 சுற்றுச் சிறிய இசைத்தட்டை உறையோடு என்னிடம் தந்தார். என்னிடம் அதை ஓடவிடக் கருவி இருக்கவில்லை. பழைய பொருள்கள் விற்கும் கடையொன்றில் ஒன்றை வாங்கிப் பட்டியையும் ஊசியையும் மாற்றினேன். இப்போது நாங்கள் அதே பகுதியில் தனிவீட்டில் இருக்கிறோம். என் மகள் லிட்டில் இல்ஃபோர்ட் பூங்காவில் பந்து எடுக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டு வந்த ஒரு மாலையில், டொக் இலையைத் தேய்த்துவிட்டு, அழுகையை நிறுத்துவதற்காக அந்தத் தட்டை வைத்தேன். மேளம் சுழலும் இடம் வந்ததும் அவள் யன்னலுக்கு ஓடி வானத்தைப் பார்த்து, “பிளேன் போகுதா அப்பா?” என்று கேட்டாள். இல்லையம்மா, இரண்டு நாடாக்கள் என்று சொல்லத் தொடங்கினேன். நான் சொல்லி முடிக்கும்வரை காத்திராமல், எரியும் கையை இடுப்பில் துடைத்துவிட்டு, மற்றக் கையால் ஊசியைத் தூக்கி அதே இடத்தில் மீண்டும் வைத்தாள்.