ஆளில்லாத கூத்துமாடம்

மார்ச் 9, 2024. கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஷொர்ணூர் பக்கம் ஒரு பகவதி காவில், அதாவது அம்மன் கோயிலில், தோல்பாவைக்கூத்து. அம்மாவின் அப்பா, எங்கள் அப்பிச்சிதான் கூட்டிப்போனார். கூத்துக்கென்றே கட்டிய மேடை, 42 அடி நீளக் கூத்துமாடம். திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி 21 விளக்கு.

பத்து மணிக்கு இருபது பேர் இருந்தார்கள். இரண்டு மணிக்கு நாங்கள் இருவர் மட்டும். பாவை ஆட்டும் புலவர் குரலைத் தாழ்த்தவே இல்லை. கம்பன் பாட்டைச் சொல்வதும் பொருளை விரிப்பதுமாகப் போய்க்கொண்டே இருந்தார். தாரிகன் என்ற அசுரனோடு சண்டையிட்டதில் ராம ராவண யுத்தத்தைக் காணாமல் போன பத்ரகாளிக்காக ஆடுவதாம் இது. அவள் பார்க்கிறாள் என்றால் ஒரு வரியைக்கூட விழுங்க முடியாது.

கேட்டதும் திரைக்குப் பின்னால் விட்டார்கள். எண்ணெய்ப் புகையில் கண் எரிந்தது. மான்தோல் ராவணனைத் துணியோடு ஒட்டிப் பிடித்தால் நகை ஓட்டைகள்வரை தெரிகின்றன. விளக்குப் பக்கம் ஒரு சாண் இழுத்தால் நிழல் பெருத்து, விளிம்பு கலங்கிவிடுகிறது. கேமரா முன்னால் நடிப்பதைப் பற்றி நான் படிக்கப்போவதும் இதைத்தான் என்று தோன்றியது.

ஏப்ரல் 2

இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தின் இன்டர்வியூ, வீடியோவில். நாடகமும் சினிமாவும் சேர்ந்த ஓராண்டு முதுகலை. சமீபத்தில் பார்த்த நாடகம் ஒன்றைச் சொல்லச் சொன்னார்கள். மனப்பாடம் செய்து வைத்திருந்ததை விட்டுவிட்டு அந்த ராத்திரியைச் சொன்னேன். இங்கிலீஷ் தடுக்கியது, நிறுத்தவில்லை.

மே 20

இடம் கிடைத்துவிட்டது! ஆனால் கோயம்புத்தூர் ஏஜென்ட், "நாடகம் எதுக்கும்மா, மேனேஜ்மென்ட் எடு" என்றார். நான் அசையாததும், சனி ஞாயிறில் நடித்தே சம்பாதிக்கலாம் என்று ஆசை காட்டினார். அது பொய். பட்டப் படிப்புக்கான மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம், ஆனால் தொழில்முறைக் கலைஞராகக் காசுக்கு மேடையேறக் கூடாது. சொந்தத் தொழிலும் கூடாது. இதை நம்பிக் கடன் வாங்கும் பிள்ளைகளை நினைத்தால் வயிறு எரிகிறது. அப்பா கையெழுத்துப் போடும் முன்பே உட்காரவைத்து எல்லாம் சொல்லிவிட்டேன்.

"அப்ப அங்க நடிச்சுச் சம்பாதிக்க முடியாது?"

"முடியாதுங்கப்பா."

கொஞ்ச நேரம் தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைக் கேட்டார்.

ஜூலை 11

விசாவுக்குக் கையில் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். படிப்பு லண்டனுக்கு வெளியே என்பதால் செலவுக்கு மாதம் 1,023 பவுண்டு கணக்கில், 9 மாதத்துக்கு 9,207 காட்ட வேண்டும். 28 நாள் தொடர்ந்து கணக்கில் கிடக்க வேண்டும், ஒருநாள் குறைந்தாலும் போச்சு. அம்மா தினமும் ராத்திரி பேங்க் மெசேஜைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறாள். இதுபோக விசா கட்டணம் 490, சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776. காசநோய்ப் பரிசோதனைக்கு எக்ஸ்ரேயும் எடுத்தாயிற்று.

செப்டம்பர் 6

விசா வந்துவிட்டது. பெட்டி நிறைந்துவிட்டது. அப்பிச்சி ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்தார். கூத்தில் கேட்ட கம்பன் பாட்டுகளை வருஷக்கணக்காக எழுதி வைத்திருக்கிறார். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், அதனால் தமிழ்ப் பாட்டெல்லாம் மலையாள எழுத்தில். "நோட்டை எடுத்துட்டுப் போயிராத கண்ணு, பாத்து எழுதிக்க" என்றார்.

திண்ணையில் உட்கார்ந்து தமிழ் எழுத்தில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். நாலாவது பாட்டில் ஒரு சொல் விளங்கவில்லை. அவர் தூங்கிவிட்டார். காலையில் கேட்க வேண்டும்.