ஆறு மாத மாத்திரையும் என் கால் விரல்களும்

டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோயிலில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுப்பவள் நான். மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சையை முடித்திருக்கிறேன். நம் வீடுகளில் இந்த நோயை மூடி மறைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. உங்கள் வீட்டில் யாராவது இப்போதுதான் தொடங்குகிறார்கள் என்றால், என்னென்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

இருமலும் சாயங்காலக் காய்ச்சலும் வந்தபோது முதலில் பார்த்த தனியார் டாக்டர் சளி மருந்து கொடுத்தார். மறுபடி போனேன், வேறொரு சளி மருந்து. உடம்பு இளைத்து ரவிக்கையெல்லாம் தொளதொளத்துப் போன பிறகுதான் அரசு கிளினிக்குக்குப் போனேன். அங்கே சிஸ்டர் எடுத்த எடுப்பிலேயே, "ராத்திரி வேர்த்துக் கொட்டுகிறதா?" என்று கேட்டார். ஒரு டப்பாவைக் கையில் கொடுத்து வெளியே திறந்தவெளிக்கு அனுப்பினார். எச்சிலைத் துப்பினால் பயனில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு, மூச்சை இழுத்து அடக்கி, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும்.

ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரம் அந்தச் சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா, அது காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்பதை இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். ஆய்வகத்துக்குப் போய்த் திரும்பும் நேரம்தான் தாமதம். எனக்கு வந்த பதில்: கிருமி இருக்கிறது, ரிஃபாம்பிசினுக்கு அடங்காது. மற்ற மருந்துகளின் நிலவரம் பார்க்க இன்னொரு சாம்பிள் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குப் போனது. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். முடிவு வரும்வரை காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கிவிட்டார்கள்.

செய்தி கேட்டதும் ஓடி வந்தவர் பெரியப்பா மகன் அண்ணன். "தினமும் ஊசியா?" என்றுதான் கேட்டார். பல வருடத்துக்கு முன் அவருக்கும் இதே நோய். கானமைசின் ஊசி மாதக்கணக்கில் போட்டார்கள், மொத்தச் சிகிச்சை இரண்டு வருடம். நோய் போனது, அந்த ஊசியால் காதும் போனது. இன்றைக்கும் அவரிடம் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும். எனக்கு ஊசியே இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். 2018-ல் தென்னாப்பிரிக்கா அந்த ஊசிகளை விட்டுவிட்டு பெடாகுலின் மாத்திரைக்கு மாறியது. அண்ணனுக்கு அது வரக் காலதாமதமாகிவிட்டது என்பதை நினைத்தால் இன்னமும் மனசு ஆறவில்லை.

எனக்குக் கொடுத்தவை நான்கு: பெடாகுலின், பிரிட்டோமானிட், லினசோலிட், லிவோஃப்ளாக்சசின். பெடாகுலின் முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு மூன்று நாள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது. யாராவது அக்கறையோடு இரும்புச் சத்து மாத்திரை வாங்கித் தந்தால், லிவோஃப்ளாக்சசினோடு சேர்த்து விழுங்காதீர்கள், இரண்டுக்கும் நடுவில் சில மணி நேர இடைவெளி வேண்டும்.

மாத்திரை விழுங்குவது பெரிய பாடில்லை. சோதனைகள்தான் அலுப்பு. இதயத் துடிப்புக்கு ஈசிஜி, ஏனென்றால் பெடாகுலின் துடிப்பின் ஒழுங்கை மாற்றக்கூடும். லினசோலிட் ரத்தத்தையும் நரம்பையும் பாதிக்கக்கூடும் என்பதால் ரத்தம், கண், கால் மூன்றுக்கும் சோதனை. வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்பார்கள். இரண்டாம் மாதம் என் ரத்தம் குறைந்துவிட்டது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டர் லினசோலிடைச் சில நாள் நிறுத்தி, ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஏறியதும் மறுபடி தொடங்கினார். அதற்குப் பிறகு கால் விரல்கள் எரிய ஆரம்பித்தன, காலையில் குளியலறைத் தரையின் குளிர் விரல் நுனியில் உறைக்கவில்லை. அன்றைக்கே போய்ச் சொன்னேன். லினசோலிடின் அளவைக் குறைத்தார்கள்.

அப்போதுதான் அந்த டாக்டர், பெடாகுலின், பிரிட்டோமானிட், லினசோலிட் மூன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த நிக்ஸ் டிபி ஆய்வைப் பற்றிச் சொன்னார். தென்னாப்பிரிக்காவில் மூன்று இடங்களில் நடந்தது, எங்கள் டர்பன் கிங் டினுசுலு மருத்துவமனையும் ஒன்று. 109 நோயாளிகள். எந்த மருந்துக்கும் எளிதில் அடங்காத காசநோய் உள்ளவர்கள். இதே குவாசுலு-நட்டால் மாகாணத்தில் டுகெலா ஃபெரி என்ற ஊரில் 2005, 2006-ல் அப்படிப்பட்ட நோய் வந்த 53 பேரில் 52 பேர் இறந்துபோனார்கள். நிக்ஸ் ஆய்வில் பத்தில் ஒன்பது பேர் தேறினார்கள். ஆனால் லினசோலிட் தினம் 1200 மில்லிகிராம், 81 சதவீதம் பேருக்கு நரம்பு மரத்துப்போனது. அந்தக் கால்களைப் பார்த்துத்தான் அடுத்து சீநிக்ஸ் ஆய்வு நடத்தி, 600 போதும் என்று கண்டார்கள். என் மாத்திரையின் அளவு அவர்களிடமிருந்து வந்தது. ஆய்வு என்றால் நம்மை வைத்துச் சோதித்துப் பார்ப்பது என்று நினைத்துப் பயந்தவள் நான். கேள்வி கேட்க வேண்டியது அவசியம்தான், ஆனால் அந்த 109 பேர் சம்மதிக்காமல் போயிருந்தால் எனக்கு இந்த ஆறு மாதச் சிகிச்சை கிடைத்திருக்காது.

வீட்டில் மாமி என் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். சிஸ்டர் வீட்டுக்கு வந்தபோது உட்கார வைத்துப் பேசினார்: தட்டிலும் டம்ளரிலும் இது ஒட்டாது, காற்றில்தான் பரவும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அன்றிலிருந்து படுக்கையறை ஜன்னலை மாமியே திறந்து வைப்பார். வீட்டில் எல்லோரையும் பரிசோதித்தார்கள். சின்ன மகனுக்கு நோய் இல்லை, ஆனாலும் தடுப்புக்காக லிவோஃப்ளாக்சசின் கொடுத்தார்கள். அது கசப்பு, குழந்தையோடு தினமும் போராட்டம்தான்.

வேலைக்குப் போக முடியாதவர்கள் சாசா என்ற அரசு உதவித்தொகை அலுவலகத்தில் தற்காலிக ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை கிடைக்கும். டாக்டரிடம் நீங்களே கேட்டால்தான் அந்தப் பேச்சு வரும்.

சிகிச்சை முடிந்த பிறகும் சளி கொடுக்கக் கூப்பிடுகிறார்கள். சென்ற முறை, என் சாம்பிளை ஆய்வுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். என் பெயர் வெளியே போகுமா, வேண்டாம் என்று சொன்னால் என் சிகிச்சைக்குப் பாதிப்பு வருமா என்று கேட்டேன். இரண்டுக்கும் இல்லை என்றார்கள், படிவத்திலும் அப்படியே இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.