நண்டு இல்லாத தெற்குக் கடல்

அயலை வெட்டும்போது செவுளைத் திறந்தால், சில நேரம் உள்ளே வெள்ளையாக, விரல் நகம் அளவில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் குளச்சல் பக்கம் பேன் என்று சொல்லித் தூர எறிந்துவிடுவார்கள். "அதையெல்லாம் கையில எடுக்காத மக்ளே" என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். நான் எடுத்துத் தட்டில் மல்லாக்கப் போட்டுப் பார்ப்பேன். ஏழு ஜோடிக் கால்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் வளைந்த கொக்கி. பெண்ணாக இருந்தால் அடிப்பக்கம் மெல்லிய தகடுகள் மூடிய ஒரு பை, அதற்குள் முட்டைகள்.

பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவன் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்தப் பேனின் உறவுக்காரர்கள் உலகத்தின் அடிக்கோடியில் பெருவாழ்வு வாழ்கிறார்கள். நண்டு, இறால் வகையைச் சேர்ந்த ஐசோபாடு, ஆம்பிபாடு என்று இரண்டு கூட்டம். நம் பேன் ஒரு ஐசோபாடு. நம் கரையில் இருந்து தெற்கே போய்க்கொண்டே இருந்தால், ஆம்ஸ்டர்டாம், செயின்ட் பால் என்ற இரண்டு பொட்டுத் தீவுகளை விட்டால் அண்டார்க்டிகாதான். இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம் ஏறக்குறைய நம் கன்னியாகுமரிக்கு நேர் தெற்கே இருக்கிறது. அங்கே கடல் நீர் உறையும் நிலைக்குப் பக்கத்தில், சுமார் மைனஸ் 1.8 டிகிரியில் கிடக்கிறது.

அந்தக் கரையோரக் கடல் தரையில் நண்டு ஏறக்குறைய இல்லவே இல்லை. நண்டு சாப்பிட்டே வளர்ந்த எனக்கு முதலில் நம்பவே முடியவில்லை. முக்கியக் காரணம் மெக்னீசியம் என்கிறார்கள். கடல் நீரில் உள்ள மெக்னீசியம் உடலில் கூடினால் நரம்பும் தசையும் மந்தமாகும், மயக்க மருந்து கொடுத்த மாதிரி. இறால்கள் அதை நன்றாக வெளியேற்றிவிடும், அதனால் சில இறால் இனங்கள் அங்கே உண்டு. நண்டால் அது முடிவதில்லை. மெக்னீசியமும் குளிரும் சேர்ந்தால் மூச்சு விடவே திணறும்.

அப்புறம் குஞ்சுகளின் பாடு. நண்டுக் குஞ்சு பொரிந்ததும் நீரில் மிதந்து, இரை தேடி, பல உருவம் மாறித்தான் நண்டாகும். துருவத்தில் இரை கிடைக்கும் கோடையோ மிகக் குறுகியது. ஐசோபாடும் ஆம்பிபாடும் அந்தச் சூதாட்டத்துக்கே போவதில்லை. முட்டை தாயின் பையிலேயே பொரிந்து, தாயைப் போன்ற சின்ன உருவமாகவே வெளியே வரும். அயலையின் செவுளில் நான் பார்ப்பதும் அதே பைதான்.

நண்டு விட்டுக்கொடுத்த இடத்தில் இவை பெருத்தும் இருக்கின்றன. கிளிப்டோநோட்டஸ் என்ற ஐசோபாடு 20 செ.மீ. வரை வளரும், உள்ளங்கையில் அடங்காது. முள் உருண்டையான கடல் முள்ளெலி, நட்சத்திர மீனைப் போன்ற நொறுங்கு நட்சத்திரம் எதையும் விடாது. இதற்கு 1852-இல் பெயர் வைத்தவர் ஜேம்ஸ் எயிட்ஸ் என்ற அமெரிக்கர். 1829-இல் கிளம்பிய ஒரு கப்பலில் அந்தப் பக்கம் போய் வந்தவர். ஆம்பிபாடுகளிலும் முதுகெல்லாம் முள்ளாக நிற்கும் எபிமேரியா போன்ற அழகுகள் உண்டு. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும், அதனால் பெரிய உடம்புக்கும் அது போதும் என்று 1999-இல் ஷாப்பெல், பெக் என்ற இருவர் விளக்கினார்கள். குளிர்ந்த நன்னீர் ஏரியான பைக்காலிலும் ஆம்பிபாடுகள் பெரிதாக இருப்பது அதற்குப் பொருந்துகிறது.

எனக்குக் கவலை இதுதான். அண்டார்க்டிகத் தீபகற்பத்தை ஒட்டிய ஆழத்தில், மேலே உள்ளதைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில், ராஜ நண்டுகளைக் கண்டிருக்கிறார்கள். நீர் சூடாகிக்கொண்டே போனால் அவை மேலே ஏறலாம். ஓடுகளை நொறுக்கும் இடுக்கியை அறியாமலே கோடிக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த தரை அது. அங்குள்ளவை மெதுவாக வளர்ந்து மெதுவாகப் பெருகுபவை, இழப்பைச் சட்டென்று ஈடுகட்ட முடியாது.

என் வகுப்பில் பாதிப் பேர் வள்ளக்காரர் வீட்டுப் பிள்ளைகள். வலையில் வருவதைப் பெயர் சொல்லிப் பிரிக்கும் கண் அவர்களுக்கு இருக்கிறது. பாரதி நிலையத்துக்கு ஆய்வுக்குப் போகிறவர்களில் இவர்களில் ஒருத்தியும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், வகுப்பிலும் அதைச் சொல்கிறேன்.