412 கிலோமீட்டருக்கு 80 நிமிடமா?

இரண்டு ஊர் விமான நிலையங்களுக்கும் நடுவே வரைபடத்தில் கோடு இழுத்தால் 412 கிலோமீட்டர். விமானிகள் கணக்கில் 222 கடல் மைல். நான் ஏறப்போவது ஏடிஆர் 72 என்ற, இரண்டு பக்கமும் விசிறி வைத்த சின்ன விமானம். மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் போகும். வகுத்துப் பார்த்தால் 50 நிமிடம்தான். டிக்கெட்டிலோ 9:40க்குப் புறப்பாடு, 11:00க்கு வருகை. மிச்சம் அரை மணி நேரம் எங்கே போகிறது? வலப்பக்க சன்னலோரம் இடம் கிடைத்ததால், மணி பார்த்துக் குறித்துக்கொண்டே போனேன்.

சின்ன நிலையம் என்பதால் நடந்தே போய் வால்பக்கக் கதவில் ஏறினோம். சன்னலுக்கு வெளியே எஞ்சின் இரைகிறது, ஆனால் அதன் விசிறி அசையவே இல்லை. பழுதோ என்று பக்கத்து இருக்கைக்காரர் பயந்தார். இந்த ரக விமானத்தில், நிற்கும்போது மின்சாரம் கொடுக்கத் தனியாகச் சின்ன எஞ்சின் கிடையாது. வலப்பக்க விசிறிக்கு மட்டும் பிரேக் போட்டுவிட்டு, அந்த எஞ்சினையே ஜெனரேட்டர் மாதிரி ஓட்டுவார்கள்.

9:52க்கு ஒருவர், விமானம் உருளாமலிருக்கச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையை உருவிக்கொண்டு ஒதுங்கினார். டிக்கெட்டில் இருக்கும் நேரம் இந்தக் கட்டையை எடுப்பதில் தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைப்பதில் முடிகிறது. பறக்கிற நேரம் அதற்குள் ஒரு பகுதிதான். 10:01க்கு மேலே எழுந்தோம், 10:58க்குச் சக்கரம் தரையைத் தொட்டது, 11:03க்கு நின்றது. 12 நிமிடம் தாமதமாகக் கிளம்பி 3 நிமிடத் தாமதத்தில் வந்துவிட்டோம். விமானி வேகமாக ஓட்டினார் என்று யாரோ பாராட்டினார்கள். அட்டவணை போடும்போதே தாராளமாகச் சேர்த்துப் போட்ட நிமிடங்கள்தான் அந்த 9.

பறந்த 57 நிமிடத்துக்குக் காரணம் காற்று. மேற்கே போகிறோம், காற்றும் மேற்கிலிருந்தே வருகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்காற்று என்றால், தரைக்கணக்கில் நம் வேகம் 450தான்; 55 நிமிடம் ஆகிவிடும். மேலேறும்போது வேகம் இன்னும் குறைவு.

அப்படியானால் திரும்பும்போது அதே காற்று தள்ளிவிட்டு 45 நிமிடத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் அல்லவா? 51 ஆனது. விமானம் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், இறங்கும். ஊர் கிழக்கே இருக்க, ஓடுபாதையில் மேற்கு பார்த்து ஓடி எழுந்தோம். பிறகு இடப்பக்கம் சாய்ந்து திரும்பியபோது, மாலை வெயில் என் சன்னல் வழியாக நுழைந்து முன் இருக்கைகளின் முதுகில் ஒவ்வொன்றாக ஊர்ந்து போய் மறைந்தது. இறங்கும்போதும் அப்படியே: ஊரைத் தாண்டிப் போய், வளைந்து வந்து, மேற்கு பார்த்து இறங்கினோம். காற்று கொடுத்ததை இந்தச் சுற்று வாங்கிக்கொண்டது.

ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்குப் போகும் விமானம் கடப்பது 2.7 கிலோமீட்டர்தான், உலகிலேயே மிகக் குறுகிய பயணிகள் சேவை. அட்டவணையில் 2 நிமிடம். காற்று சாதகமாக இருந்த ஒரு நாள் 53 விநாடியில் முடிந்திருக்கிறது. அங்கேயும் காற்றுதான்!

ஊர் வந்து பெட்டிக்காக நான் நின்றது 18 நிமிடம். அது டிக்கெட்டின் எந்தக் கணக்கிலும் வராது.