நட்சத்திரம் போட்ட உரிமம் எங்கள் வீட்டில் யாருக்குத் தேவைப்பட்டது

கலிபோர்னியாவில் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்: சாதாரண உரிமமா, ரியல் ஐடி உரிமமா? ரியல் ஐடி உரிமத்தின் வலது மேல் மூலையில் பொன்னிறக் கரடி ஒன்றும் அதற்குள் ஒரு நட்சத்திரமும் இருக்கும். சாதாரண உரிமத்தில் அந்த இடத்தில், மத்திய அரசு சார்ந்த பயன்பாடுகளுக்கு வரம்பு உண்டு என்று பொருள்படும் ஒரு வாசகம் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டுக்கும் கட்டணம் ஒன்றுதான்; இரண்டையும் வைத்து ஒரே மாதிரிதான் வண்டி ஓட்டலாம். ரியல் ஐடி செல்லும், சாதாரண உரிமம் செல்லாது என்ற வேறுபாடு தெரிவது உள்நாட்டு விமானப் பயணத்திலும், இராணுவ முகாம்கள், அடையாள அட்டை கேட்கும் மத்திய அரசு அலுவலகங்கள், அணுமின் நிலையங்கள் ஆகியவற்றின் வாயிலிலும்தான்.

இந்த ஏற்பாட்டின் வேர் 2001 செப்டம்பர் தாக்குதல்களில் இருக்கிறது. அதை விசாரித்த ஆணையம், அடையாள ஆவணங்களுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான தரம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக 2005 மே 11 அன்று ரியல் ஐடி சட்டம் கையெழுத்தானது. அது தனியாக வரவில்லை. போர்ச் செலவுக்கும் சுனாமி நிவாரணத்துக்கும் நிதி ஒதுக்கிய ஓர் அவசர மசோதாவோடு சேர்ந்து நிறைவேறியது. கடலூர்க்காரனான எனக்கு, எங்கள் கரையில் அடித்த அலைக்கான நிவாரணமும் என் சட்டைப்பையில் இருக்கும் அட்டையும் ஒரே மசோதாவில் பயணம் செய்தன என்பது இன்றும் விசித்திரமாகவே இருக்கிறது. 2008-இல் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டிய சட்டம், மாநிலங்களின் எதிர்ப்பாலும் பின்னர் கொரோனாவாலும் 2020, 2021, 2023 என்று தள்ளிக்கொண்டே போனதால், புலி வருகிறது என்ற கதையாகவே நாங்கள் எல்லோரும் அதை எடுத்துக்கொண்டோம். 2025 மே 7 அன்று புலி வந்தேவிட்டது.

எனக்கு இது தேவையா என்று யோசித்தபோது முதலில் கண்ணில் பட்டது, விமான நிலையப் பாதுகாப்புத் துறையான டி.எஸ்.ஏ. ஏற்றுக்கொள்ளும் ஆவணங்களின் பட்டியல். அமெரிக்க பாஸ்போர்ட், வெளிநாட்டு பாஸ்போர்ட், நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டு, வேலை அனுமதி அட்டை, நாட்டுக்குள் விரைவாக நுழைய உதவும் குளோபல் என்ட்ரி அட்டை என எல்லாமே அதில் இருந்தன. ஊரிலிருந்து வரும் பெற்றோர் தங்கள் இந்திய பாஸ்போர்ட்டை வைத்தே இங்கே எந்த நகரத்துக்கும் பறக்கலாம். கிரீன் கார்டு வைத்திருக்கும் நானோ, பதினெட்டு வயதைக் கடந்தவன் என்பதால், சட்டப்படி அந்த அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்கக் கடமைப்பட்டவன். எப்படியும் பர்ஸில் இருக்க வேண்டிய அட்டையே விமான நிலையத்தில் செல்லும் என்றால், நட்சத்திரத்துக்காக நான் ஏன் அலைய வேண்டும்? எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கும் நண்பர்களுக்குக் கணக்கு வேறு. பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம் என்பது அவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் ரியல் ஐடி உரிமத்தின் ஆயுள் அவர்கள் இங்கே தங்க அனுமதிக்கப்பட்ட நாளோடு முடிந்துவிடும் என்பதால், விசா நீட்டிப்பு ஒவ்வொரு முறை வரும்போதும் உரிமத்துக்காகவும் மெனக்கெட வேண்டியிருக்கும்.

அலுவலகத்தில் ஒரு நண்பர் இதை அடியோடு எதிர்த்தார். பிறப்பால் அமெரிக்கரான அவருடைய கவலை தனியுரிமை பற்றியது. நாம் கொடுக்கும் பிறப்புச் சான்றிதழ் முதலியவற்றின் மின்னணு நகல்களை மாநிலம் குறைந்தது 10 ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது சட்டம்; ஒரு மாநிலத்தின் தகவலை மற்ற மாநிலங்கள் சரிபார்க்கவும் வழி உண்டு. தேசிய அடையாள அட்டையைக் கொல்லைப்புற வழியாகக் கொண்டுவருகிறார்கள் என்று அவர் வாதிட்டார். இது அவர் ஒருவரின் அச்சமும் அல்ல. 2007-லேயே மெய்ன் மாநிலச் சட்டமன்றம் இதே காரணங்களைச் சொல்லி இச்சட்டத்தை ஏற்க மறுத்துத் தீர்மானம் போட்டது. அவர் பேச்சில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். ஆனால் விசாவுக்காகவும் கிரீன் கார்டுக்காகவும் பத்து விரல் ரேகையையும் முகத்தையும் ஏற்கெனவே கொடுத்துவிட்ட என்னைப் போன்றவனிடம் இனி ஒளிக்க என்ன மிச்சம்? அந்தக் கேள்வி இங்கேயே பிறந்த என் மகனைப் பொறுத்தவரைதான் பொருளுள்ளது. அவனிடம் கேட்டேன், அவனுக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

உண்மையில் இந்த அட்டை தேவைப்பட்டது அவனுக்குத்தான். சான் டியாகோவில் கல்லூரியில் படிக்கும் அவன், விடுமுறைகளில் சான் ஹோசேவுக்கு விமானத்தில் வருபவன். பதினெட்டு வயது ஆகும்வரை பெரியவர்களோடு பறந்தபோது எந்த அட்டையும் காட்டத் தேவையில்லாமல் இருந்தது. இப்போது நட்சத்திரம் இல்லாவிட்டால் பாஸ்போர்ட்டை விடுதியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஹெட்போனையும் சாவியையும் மாறி மாறித் தொலைக்கும் ஒருவனிடம் அதைக் கொடுத்துவைக்க எனக்கு மனம் வரவில்லை. பாஸ்போர்ட் அட்டை என்று ஒன்று உண்டு. முதன்முறை விண்ணப்பிக்கும் பெரியவர்களுக்கு 30 டாலரும், அதை ஏற்றுக்கொள்ளும் அலுவலகத்துக்கு 35 டாலரும் ஆகும். அதையும் யோசித்துப் பார்த்தோம். ஆனால் அவன் உரிமம் எப்படியும் காலாவதியாகும் தறுவாயில் இருந்ததால், கூடுதல் செலவே இல்லாத வழி கையிலேயே இருந்தது. தகுந்த அட்டை இல்லாமல் விமான நிலையத்துக்கு வருபவர்களிடம் 2026 பிப்ரவரி 1 முதல் 45 டாலர் வாங்கிக்கொண்டு, பத்து நாட்களுக்குச் செல்லும் அடையாளச் சரிபார்ப்பு செய்கிறார்கள் என்பதையும் பார்த்தால், அவனுக்கு அது தேவைதான் என்பதில் சந்தேகமே இல்லை.

இதுவரை எல்லாம் எளிது. சிக்கல் என் மனைவியின் பெயரில் இருந்தது.

அவருடைய முதல் பாஸ்போர்ட்டில், நம் ஊர் வழக்கப்படி, பெயருக்கான கட்டத்தில் அவர் பெயர் மட்டும் இருந்தது. குடும்பப் பெயருக்கான கட்டம் காலி. அமெரிக்க விசா அச்சிடப்பட்டபோது அவர் பெயர் குடும்பப் பெயராக இடம் மாறி, முதற்பெயரின் இடத்தில் எஃப்.என்.யு. என்ற மூன்று எழுத்துகள் வந்து உட்கார்ந்தன. முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. வந்த புதிதில் விசாவைப் பார்த்து வங்கியில் கணக்குத் தொடங்கியதால், வங்கி அவரை அந்த மூன்று எழுத்துகளாலேயே அழைக்கத் தொடங்கியது, எஃப்.என்.யு. அம்மையாருக்குக் கடன் அட்டை தருவதாகக் கடிதங்கள்கூட வந்தன. சமூகப் பாதுகாப்பு அட்டையிலும் பழைய உரிமத்திலும் ஒற்றைப் பெயர். கடலூர் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிய திருமணச் சான்றிதழில் தந்தையின் இனிஷியலோடு கூடிய பெயர். கிரீன் கார்டுக்கு முன்பாகப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது என் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துக்கொண்டதால், கிரீன் கார்டில் இன்னொரு வடிவம். ஆக, ஒரே பெண்மணிக்கு நான்கு பெயர்கள்.

சாதாரண உரிமத்தோடு இருந்துவிட்டால் இவற்றைக் கிளறவே வேண்டாம் என்பது என் முதல் எண்ணம். என் மனைவி அதற்கு உடன்படவில்லை. "நட்சத்திரம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, இந்த மூன்று எழுத்துகளை ஒழிக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது" என்றார். அவர் சொன்னதுதான் சரி என்று இப்போது படுகிறது. ஏனென்றால் நாளை குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதும் இதே முடிச்சை அவிழ்த்துத்தான் ஆக வேண்டும்.

இதில் வரிசை முக்கியம். போக்குவரத்துத் துறையான டி.எம்.வி., நாம் கொடுக்கும் பெயரையும் எண்ணையும் சமூகப் பாதுகாப்புத் துறையின் பதிவோடும், குடியுரிமை இல்லாதவர்களின் விவரங்களைக் குடிவரவுப் பதிவோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. அவை இரண்டும் ஒத்துப்போகாமல் நேரே அங்கே போய் நின்றால் பயனில்லை. ஆகவே முதலில் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய், கிரீன் கார்டையும் புதிய பாஸ்போர்ட்டையும் காட்டிப் பெயரைத் திருத்தினோம். இதற்குக் கட்டணம் இல்லை. புதிய அட்டை தபாலில் வந்த பிறகு வங்கிக்குப் போனோம். முகவரிச் சான்றாக இரண்டு ஆவணங்கள் தேவை என்பதாலும், வீட்டுக்கு வரும் மின்சார, தண்ணீர் கட்டண ரசீதுகள் எல்லாம் என் பெயரிலேயே இருந்ததாலும், திருத்திய பெயரில் ஒரு வங்கி அறிக்கையாவது இருந்தால் நல்லது என்று நினைத்தோம். கணவன் அல்லது மனைவியின் பெயரில் உள்ள ரசீதைத் திருமணச் சான்றிதழோடு சேர்த்துக் காட்டவும் கலிபோர்னியாவில் வழி உண்டு. இரண்டாவது ஆவணத்துக்கு அதைப் பயன்படுத்தினோம். மகனுக்கு என் ரசீதுகளோடு அவன் பிறப்புச் சான்றிதழே போதுமானதாக இருந்தது.

விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, ஆவணங்களைப் படம் எடுத்து ஏற்றிவிட்டு, மூலப் பிரதிகளோடு மூவரும் போனோம். என் உரிமமும் அடுத்த ஆண்டு முடியவிருந்ததால், எப்படியும் ஒரு நாள் விடுப்பு எடுக்கிறோமே என்று நானும் சேர்ந்துகொண்டேன். என்னைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய காரணம் ஏதும் இல்லை. மகனுக்கும் எனக்கும் கைரேகை, கண் பரிசோதனை, புகைப்படம் என்று விரைவாக முடிந்தது. என் மனைவியின் முறை வந்தபோது, கவுன்டரில் இருந்த பெண்மணி பழைய உரிமத்தையும் கிரீன் கார்டையும் அருகருகே வைத்து, ஒரு பெயர் எப்படி மற்றதாக மாறியது என்பதற்கு ஆவணம் கேட்டார். திருமணச் சான்றிதழைக் கொடுத்தோம். அதில் பெயருக்கு முன்னால் இருந்த ஒற்றை எழுத்தின் மேல் பேனாவை வைத்து, இது யார் என்றார். தந்தை பெயரின் முதலெழுத்து என்று விளக்கிவிட்டு, ரத்து செய்யப்பட்ட பழைய பாஸ்போர்ட்டைத் திறந்து, தந்தை பெயர் அச்சிடப்பட்டிருந்த கடைசிப் பக்கத்தைக் காட்டினோம். அவர் மேலதிகாரியிடம் எடுத்துப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பிவந்து, தலையசைத்து, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யத் தொடங்கினார். காலாவதியான பாஸ்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பவர்களை இனி யாரும் கேலி செய்யக் கூடாது.

கையில் கிடைத்தது தற்காலிகக் காகித உரிமம். வண்டி ஓட்ட அது செல்லும். விமான நிலையத்தில் செல்லாது. அட்டை தபாலில் வரச் சில வாரங்கள் ஆகும் என்பதால், பயணத்துக்கு முந்தைய வாரத்தில் இதைத் தொடங்குவதில் பயனில்லை. எங்களுக்கு முதலில் வந்தது மகனுடைய அட்டை, பிறகு என்னுடையது, கடைசியாக என் மனைவியுடையது, கிரீன் கார்டில் உள்ள அதே பெயரோடு.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, சியாட்டிலில் இருக்கும் என் மைத்துனர் தானும் விண்ணப்பிக்க வேண்டுமா என்று விசாரித்தார். அப்போது அவர் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் நட்சத்திர உரிமமே கிடையாது. அதற்கு ஈடாக அவர்கள் தருவது மேம்படுத்தப்பட்ட உரிமம், அதுவும் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். கிரீன் கார்டு வைத்திருக்கும் அவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை என்று சொன்னேன்.