மிக்-21க்கு அழுக்கு பூசுகிறேன்

"அண்ணே, கறை கீழதானே இறங்கும்? இது ஏன் குறுக்க போகுது?"

பக்கத்து வீட்டுத் தம்பி திரையைப் பார்த்துக் கேட்டான். அப்பாவின் விசைப்படகில் துருவைப் பார்த்தே வளர்ந்தவன்.

டிசிஎஸ் என்ற கணினி விமான சிமுலேட்டரில் இருக்கும் மிக்-21பிஸ் போர் விமானத்துக்கு நம் விமானப்படை வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். படகில் கறை கீழே வழியும். விமானத்தில் காற்று அதைப் பின்னால் இழுத்துவிடும். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியில் தொடங்கி வாலை நோக்கி ஒரு மெல்லிய கீற்று, போகப் போக மங்க வேண்டும். அது சரியாக விழுந்தால்தான் நிஜமாகவே பறந்த விமானம்.

எங்கள் பக்கம் உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானதளம் இருப்பதால் டோர்னியர் கண்காணிப்பு விமானத்தின் சத்தம் எங்களுக்குப் பழக்கம். ஆனால் மிக்-21 இனி நம் விமானப்படையில் பறக்காது. 1963இல் வந்தது, 2025 செப்டம்பர் 26இல் சண்டிகரில் விடைபெற்றது.

அதனால்தான் இதை விளையாட்டாக நினைக்க முடியவில்லை. ஓடுதளத்தை நெருங்கும்போதுகூட மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கேட்கும் முக்கோண இறக்கை அது. சிமுலேட்டரில் இறக்கவே கை வியர்க்கிறது. நிஜத்தில் ஏறியவர்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

சரி, வட்டச் சின்னம் முடிந்தது: நடுவில் பச்சை, வெளியே காவி. வால் எண்கள் பாக்கி. தெளிவான பழைய படம் இருந்தால் அனுப்புங்கள்.